பழகிய காலுக்குப் பூட்டா?

ஜெர்மனியில் "பி.எம்.டபிள்யூ." கம்பெனி 2000 முதல் 2006 வரை ஒரு "எம் 3" காரைத் தயாரித்தது. ஐரோப்பாவில் விற்ற அந்தக் காரின் சக்தி 343 குதிரை. கையால் மாற்றும் வகையில் 6 கியர். ஓட்டும் இன்பத்துக்காகவே இதை வாங்குவார்கள்.

ஆனால் இதன் கிளட்சுக்குள் ஒரு சின்னத் தடை இருக்கிறது.

கிளட்ச் மிதியை அழுத்தினால், குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் ஓடிப்போய் கிளட்சை விலக்கும். காலை எடுத்தால் எண்ணெய் திரும்பும். திரும்பும் வழியில் ஒரு வால்வு. அதன் துவாரம் மிகவும் சிறியது. ஆகவே காலைச் சட்டென்று எடுத்தாலும், கிளட்ச் மெதுவாகத்தான் சேரும்.

எதற்காக இது? காலைத் திடீரென்று விட்டால், என்ஜினின் வேகம் முழுவதும் கியர் பெட்டியைத் தாக்கும். கார் குலுங்கும். கம்பெனி பயந்ததில் நியாயம் உண்டு. பழகாத கால்களும் இருக்கின்றனவே!

பழகிய கால் என்ன பாவம் செய்தது? மிதி மேலே வந்துவிட்டது. கிளட்சோ இன்னும் வழுக்குகிறது. அப்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் தகடு உரசும், சூடேறும், தேயும். கியரைக் காக்க வந்தது கிளட்சைத் தின்கிறது!

பலர் அந்த வால்வைக் கழற்றிவிடுகிறார்கள். வேலை சிறியதுதான். ஆனால் குழாயில் காற்று தங்கினால் மிதி தொளதொளத்துப் போகும். கியர் சரியாக விழாது. வேலை தெரிந்த மெக்கானிக் வேண்டும்.

இந்தத் தொல்லை எதற்கு? தடை இருப்பதை விற்கும்போதே சொல்லிவிடலாம். வேண்டாம் என்பவருக்கு, வால்வு இல்லாத குழாயைக் கம்பெனியே மாட்டிக் கொடுக்கலாம்.