அயலார் கண்ணில் ஒரு நகரம்

ஊரில் பிறந்தவர் வாழ்நாளெல்லாம் காணாத சிலவற்றை, ஊருக்குப் புதியவர் ஒரே நாளில் கண்டுவிடுகிறார். பழக்கம் என்னும் திரை அவர் கண்களை இன்னும் மூடவில்லை. கொல்கத்தா நகரில் அன்னை தெரேசாவின் பிறர் அன்பின் பணியாளர் சபை நடத்தும் இல்லங்களுக்குத் தொண்டாற்ற வரும் வெளிநாட்டினர் இதற்குச் சான்று.

ஸ்பெயின், இத்தாலி, ஜப்பான் எனப் பல நாடுகளிலிருந்து அவர்கள் வருகிறார்கள். மாணவரும் உண்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரும் உண்டு. காலை ஆறு மணிக்குத் தாய் இல்லத்தில் திருப்பலி. பின்னர் ரொட்டி, வாழைப்பழம், தேநீர். அதன்பின், இறக்கும் நிலையில் உள்ளோருக்காகக் காளிகாட்டில் 1952-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிர்மல் ஹிருதய் இல்லத்திற்கோ, குழந்தைகளுக்கான சிசு பவனுக்கோ புறப்படுகிறார்கள். நோயாளரின் துணிகளைக் கையால் துவைத்தல், பாத்திரம் கழுவுதல், உண்ண இயலாதோருக்கு ஊட்டுதல் ஆகியவையே அவர்கள் பணி.

முதல் வாரத்தில் அவர்கள் வீட்டிற்கு எழுதும் கடிதங்களில் வறுமை ஒன்றே நிறைந்திருக்கும். தெருக்குழாயடியில் குளிக்கும் மனிதர்கள், நடைபாதையில் உறங்கும் குடும்பங்கள், மனிதனை மனிதனே இழுத்துச் செல்லும் கைரிக்‌ஷா, ஓயாத வாகன ஒலி ஆகியன அவர்கள் நெஞ்சை அழுத்துகின்றன. அவர்கள் காண்பது பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையும் அன்று.

சில வாரங்கள் சென்றபின் அதே கண்கள் வேறு காட்சிகளைக் காணத் தொடங்குகின்றன. நடைபாதையில் வாழும் தாய் விடியற்காலையில் தன் சிறிய இடத்தைப் பெருக்கித் தூய்மை செய்கிறாள். சிறு மண் குவளையில் தேநீர் தரும் கடைக்காரர், அந்நியரிடம் முதலில் கேட்பது அவருடைய தாய் தந்தையரின் நலத்தைத்தான். மழைக்காலத்தில் தெருக்களில் வெள்ளம் நின்று மோட்டார் வண்டிகள் திகைக்கும்போது, அந்தக் கைரிக்‌ஷாக்காரரே மக்களைக் கரை சேர்க்கிறார். அவர் ஈட்டும் பணம் பீகாரில் எங்கோ ஒரு கிராமத்தில் அடுப்பை எரியச் செய்கிறது. இரக்கத்தோடு வந்தவர் மரியாதையோடு திரும்புகிறார். இம்மாற்றமே அவர் பெறும் பெரும் பேறு என்போம்.

அன்னையும் அயல்நாட்டிலிருந்து வந்தவரே. 1910-இல் ஸ்கோப்யே நகரில் பிறந்து, 1929-இல் இந்தியா வந்தார். எண்டாலியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆசிரியையாய் இருந்தார். 1948-இல் அம்மடத்தை விட்டு வெளியேறி, பாட்னாவில் மருத்துவப் பணி பயின்று, மோதிஜீல் சேரிக்குச் சென்றார். கரும்பலகை இல்லாமையால் தரையில் குச்சியால் கீறி எழுத்துக் கற்பித்தார். வங்க மொழியும் இந்தியக் குடியுரிமையும் அவருடையவை ஆயின. 1997-இல் இறக்கும்வரை அந்நகரே அவர் இல்லமாயிற்று. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

சில வாரங்களே தங்கும் இவ்வயலாரால் பயன் என்ன, பயணச் செலவை அனுப்பினால் போதாதா எனக் கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆண்டு முழுவதும் சுமையைத் தாங்குவோர் அருட்சகோதரிகளும் உள்ளூர்ப் பணியாளருமே; அவர்களுள் மிகப் பலர் நம் நாட்டுப் பெண்கள். ஆனால் அந்த இளைஞர் தம் நாட்டிற்குத் திரும்பியபின் தனிமையில் வாடும் முதியவரின் கதவைத் தட்டுவாராயின், அப்பயணம் வீணாகவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலேயே, தத்தம் இல்லத்திலேயே ஒரு கல்கத்தாவைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதே அன்னை வலியுறுத்திய பாடம்.

அன்புமிக்க குடும்பத்தினரே, இப்பாடம் நமக்கும் உரியது. நம் தெருவைப் பெருக்கும் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? பின்கட்டில் படுத்திருக்கும் பாட்டியிடம் நம் பிள்ளைகள் இன்று பேசினார்களா? அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்றோரை நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. அவர்களுக்கும் அவ்வழி பழகிய வழியாகவே இருந்திருக்கக்கூடும்.

பிறந்தநாளன்று முதியோர் இல்லத்திற்கு இனிப்புடன் சென்று, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. அது தீதன்று. எனினும் இம்மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெறுங்கையுடன் அங்குச் செல்லுங்கள். இல்லத்துச் சகோதரியிடம், செய்வதற்கு என்ன வேலை உள்ளது என்று கேளுங்கள். பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவுங்கள். ஒரு முதியவர் அருகே அமரச் சொன்னால் அமருங்கள். கடல் கடந்து வந்தோர் மகிழ்வோடு செய்யும் அப்பணியை, நாம் நம் பங்கின் எல்லைக்குள்ளேயே செய்யலாம் அன்றோ!