செத்த அன்னிக்கு அவரு கோச்சுங்க!

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் போட்டிருக்க மாட்டேன். ஆனா நேத்து ராத்திரி ஊர்ப் பசங்க வாட்ஸப் குழுவுல ஒரு சண்டை. பதினோரு மணிக்கு ஆரம்பிச்சது, ரெண்டு மணிக்குத்தான் ஓஞ்சுது. நாலு பேரு குழுவ விட்டே போயிட்டாங்க. அங்க சொல்லி முடிக்காத மிச்சத்த இங்க கொட்டிடறேன். பொறுத்துக்கங்க.

எங்க ஊரு லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாத்தத் தாண்டுனா திட்டக்குடி. வீட்டுக்கு ஒரு ஆளாவது வளைகுடாவுல இருக்கற ஊரு. ஜனவரி 26 லீவு, வெளிநாட்டுல இருந்து பசங்க சில பேரு வர்றாங்க, அன்னிக்கு மூணுக்கு மூணு பேஸ்கட்பால் போட்டி வெக்கலாம்னு திட்டம். பணம் ஷார்ஜாவுல இருந்தும் குவைத்துல இருந்தும் வருது. எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஃப்ளெக்ஸ் டிசைன் வர்ற வரைக்கும். ஊதாவும் மஞ்சளுமா பின்னணி, நடுவுல கோபி பிரயன்ட் பல்லக் கடிச்சுட்டு நிக்கிறாரு, மேல அவரு பேர்ல கோப்பை. அவரு செத்ததும் அதே தேதிதானே, அதனால பொருத்தமாம்.

நான் ஒரு வரி போட்டேன்: “நமக்குச் சொல்லிக் குடுத்த பி.இ.டி. சார் போன வருசம் மவுத்தாயிட்டாரு. அவரு பேர வெக்கலாமே?”

பதில் வந்துச்சு: “மச்சான், சார் பேரு போட்டா எவன்டா வருவான்?”

அடுத்த ஆளு: “கோபி லெஜண்டுடா. சார் பாவம், நல்ல மனுசன். ஆனா ரெண்டும் ஒன்னா?”

இந்த “பாவம், நல்ல மனுசன்”லதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், இல்லன்னா பின்னூட்டத்துல வந்து கும்மிடுவீங்க. நானும் கோபி ரசிகன்தான். 2020ல அந்தச் சேதி நமக்கு நடுராத்திரிக்கு மேல வந்துச்சு. வேலைக்குச் சேந்த புதுசு, மேன்சன் ரூம்ல மொபைல வெச்சுக்கிட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். டொராண்டோவுக்கு எதிரா 2006ல அடிச்ச 81 பாயிண்ட்டு, 2016ல கடைசி ஆட்டத்துல அடிச்ச 60, எல்லாத்தையும் திரும்பத் திரும்பப் பாத்தவன். அதனால அமெரிக்கக்காரனுக்கு ஏன்டா இங்க ஒப்பாரின்னு கேக்குற கூட்டத்துல என்னச் சேக்காதீங்க. புடிச்ச ஆட்டக்காரனுக்கு எந்த ஊர்ல இருந்தும் அழலாம்.

ஆனா கோபி அன்னிக்கு எங்க போயிட்டிருந்தாரு? ஃப்ளெக்ஸ் வெக்கிற எத்தன பேருக்கு அது ஞாபகம் இருக்கு?

அவரு ஆட்டத்த விட்டு நாலு வருசம் ஆகப்போவுது. ஆடறதுக்குப் போகல. பொண்ணு ஜியானாவும் அவ தோழிங்களும் இருக்கற அணிக்கு அவருதான் கோச்சு. பதிமூணு வயசுப் புள்ளைங்களோட மேட்சுக்குத்தான் அந்த ஹெலிகாப்டர் போயிட்டிருந்துச்சு. அதாவது, அவரு செத்த அன்னிக்கு அவரு கோச்சுங்க! அந்த ஹெலிகாப்டர்ல மொத்தம் 9 பேரு. அதுல கிறிஸ்டினா மாசர்னு ஒருத்தங்க, அதே அணிக்குத் துணைக் கோச்சு. 38 வயசு, மூணு புள்ளைங்களுக்கு அம்மா. வருசா வருசம் ஜனவரி 26க்கு ஸ்டேட்டஸ் வெக்கிற நம்மாளுங்கள்ல ஒருத்தன் அந்தப் பேரச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நானே அஞ்சு நிமிசம் முன்னாடி எழுத்துக்கூட்டிச் சரி பாத்துட்டுத்தான் எழுதறேன்.

கோபிக்கே இந்தக் கதின்னா மத்தவங்கள விடுங்க. நாம ஞாபகம் வெச்சுக்கறது பாயிண்ட்ட மட்டும்தான். சொல்லிக் குடுத்தது கணக்குலயே வராது.

சரி, அமெரிக்காவ விடுவோம். சங்கரன் சுப்பிரமணியன்னு ஒருத்தரத் தெரியுமா? பேரப் பாத்தா நம்ம தெக்கத்திப் பேரு. மனுசன் வேல பாத்தது பஞ்சாப்புல, லூதியானா பேஸ்கட்பால் அகாடமியில. பார்னாலா பக்கம் பல்லோ கேன்னு ஒரு குட்டிக் கிராமம். அங்க ஏழடிக்கு மேல வளந்த ஒரு விவசாயி. அவரச் சின்ன வயசுல பேஸ்கட்பால் ஆடச் சொன்னப்ப வீட்டுல விடல, வயல்லயே நின்னுட்டாரு. தன் மவனுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு பையன லூதியானாவுல கொண்டுபோய் விட்டாரு. அந்தப் பையன்தான் சத்னாம் சிங். அவன நிக்க வெச்சு, திரும்ப வெச்சு, பந்தப் புடிக்கக் கத்துக் குடுத்தவரு சுப்பிரமணியன். 2010ல சத்னாம் ஃபுளோரிடாவுல ஐ.எம்.ஜி. அகாடமிக்குத் தேர்வாகிப் போனான். 2015ல டல்லாஸ் மாவரிக்ஸ் அவன 52வது ஆளா எடுத்துச்சு. இந்தியாவுல பொறந்து என்.பி.ஏ. டிராஃப்ட்ல பேரு வந்த மொத ஆளு. அன்னிக்கு நாடே கொண்டாடுச்சு, மறு வருசம் அவனப் பத்தி டாக்குமெண்டரியே வந்துச்சு.

சுப்பிரமணியன் 2013லயே போயிட்டாரு. ரெண்டு வருசம். அந்த ஒரு ராத்திரியப் பாக்க அவருக்குக் குடுத்து வெக்கல.

இந்திய பேஸ்கட்பாலத் தெரிஞ்சவங்க அவர நெனச்சு எழுதுனாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா தமிழ்ல? நானும் தேடிட்டேன். நாம பதிவெழுதறவங்கதானே, படம் வந்த அன்னிக்கே விமர்சனம் போடறவங்கதானே? பிலாய்ல ராஜேஷ் பட்டேல்னு இன்னொருத்தரு, சத்தீஸ்கர் பொண்ணுங்க அணிய ஒன்னுமில்லாததுல இருந்து தூக்கி நிறுத்துனவரு. கிட்டத்தட்ட ஏழடி வளந்த பூனம் சதுர்வேதி அவருகிட்ட வந்து ஆளானவங்கதான். அவரும் இப்ப இல்ல. இந்தப் பேரெல்லாம் நம்ம பசங்களுக்குத் தெரியாது. ஆனா கோபி எந்த வருசம் 8ல இருந்து 24க்கு மாறுனாருன்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்புனாலும் சொல்லுவான்.

நம்ம தமிழ்நாட்டுலயும் பாருங்க. கோயமுத்தூர்ல ஆம்பளைங்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பொம்பளைங்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. நல்ல போட்டிங்க, தப்பு சொல்ல வரல. ஒன்னு பெரிய மனுசர் பேரு, இன்னொன்னு பம்ப்செட் கம்பெனி பேரு. காசு போட்டவங்க பேர வெக்கட்டும், நியாயம்தான். ஆனா எங்க ஊருப் போட்டிக்குக் காசு போடறது கோபி இல்லியே மக்கா! நாமதானே போடறோம்? நம்ம காசுல நாம வெக்கிற பேருக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?

குழுவுல ஒரு அண்ணன் வந்தாரு, கொஞ்சம் வெவரமானவரு. “தம்பி, பில் ரசலப் பாரு, எப்படிக் கொண்டாடுனாங்க. அவரும் கோச்சுதானே?”ன்னாரு. நல்ல கேள்விண்ணே. ராத்திரி ரெண்டு மணிக்குப் பதில் சொல்ல முடியல, இப்ப சொல்றேன்.

ரசல் 13 சீசன்ல 11 தடவ சாம்பியன். அதுல கடைசி ரெண்டு, 1968, 1969, ஆடிக்கிட்டே கோச்சாவும் இருந்து ஜெயிச்சது. என்.பி.ஏ.வுல மொத கறுப்பினக் கோச்சும் அவருதான். 2022 ஜூலை 31ல 88 வயசுல போனாரு. ரெண்டு வாரம் கூட ஆகல, இனி எந்த அணியிலயும் புதுசா யாரும் 6ம் நம்பர் போடக் கூடாதுன்னு லீகே அறிவிச்சுச்சு. சரி. ஆனா அவரு பாஸ்டனுக்கு ஆடிட்டிருந்த காலத்துல என்ன நடந்துச்சுண்ணே? அதே ஊரு சனம் அவர நிறத்த வெச்சுத் திட்டுச்சு. வீடு பூந்து செவுத்துல எழுதிட்டுப் போனாங்க, படுக்கையில அசிங்கம் பண்ணிட்டுப் போனாங்க. 1972ல அவரு ஜெர்சிய மேல ஏத்தி மரியாத பண்ணப்ப, கேட்டத் தொறந்து ரசிகர்கள உள்ள விடறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்கன்னு சொல்லிட்டாரு. கோச்சா அவர ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 2021ல! ஆட்டக்காரரா சேத்தது 1975. நடுவுல 46 வருசம். செத்த பெறகு ஊத்துன கண்ணீர மட்டும் எங்கிட்ட காட்டாதீங்கண்ணே.

இப்ப எங்க சார். அவரு வாலிபால்காரரு. பேஸ்கட்பால் அவருக்கே தெரியாது, ரூல் புக்க வாங்கிப் படிச்சுக் கத்துக்கிட்டாரு. பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு போஸ்ட்டு, ஒரே ஒரு ரப்பர் பந்து, அதுவும் தேஞ்சு வழுவழுன்னு இருக்கும். சுண்ணாம்புல கோடு போடுவாரு, மழ பேஞ்சா மறுபடி போடுவாரு. ஒரு நாள் கயித்தப் புடிச்சு வளையத்த அளந்தாரு. பத்தடி இருக்கணும், ஒரு சாண் கம்மி. போஸ்ட்ட மாத்த எவனும் காசு தரல. சாரு எங்களக் கூப்புட்டுச் சொன்னாரு: “டேய், இந்த வளையம் பொய் சொல்லுது. வெளிய போனா பந்து எட்டாது. இங்கயே ஒரு சாண் மேல தூக்கிப் போட்டுப் பழகு.” ஆறு மாசம் உள்ளூர்ல எங்க பந்து எல்லாம் பலகையில பட்டுத் தெறிச்சுது. பெரம்பலூர்ல ஆடப் போனப்ப செமத்தியா தோத்தோம். ஆனா மக்கா, பந்து வளையத்துக்குப் போச்சு.

இதச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்ச ஆள “பாவம், நல்ல மனுசன்”னு ஒதுக்கறதுதான் எனக்கு ஏறல. வேல தெரிஞ்ச மனுசன்யா அவரு. காலேஜ்ல டீம்ல எடம் கெடச்சதுல இருந்து, இந்தப் பொட்டி தட்டுற பொழப்புல எதையும் அளந்து பாத்துட்டு நம்புறது வரைக்கும் எனக்கு அந்த ஒரு சாண்தான்.

சரி, நான் மட்டும் யோக்கியமா? சாரு போன அன்னிக்கு எனக்கு ரிலீஸ். டேமேஜர்கிட்ட லீவு கேக்கவே இல்ல, கேட்டா குடுத்திருப்பாரோ என்னவோ. “ஆர்.ஐ.பி. சார்”னு ஸ்டேட்டஸ் வெச்சேன், ரெண்டு கும்புடு பொம்ம, அவ்ளோதான், 24 மணி நேரத்துல அதுவும் அழிஞ்சு போச்சு. அம்மா துக்கம் கேக்கப் போயிருந்தாங்க. சாரோட வீட்டம்மா, “பந்து வெளயாடுற புள்ளைங்க யாரும் வரலியே”ன்னாங்களாம். அம்மா அத எங்கிட்ட சொன்னது ஒரு மாசம் கழிச்சு. அதனால நேத்து குழுவுல நான் போட்ட சத்தத்துல பாதி என்னப் பாத்துப் போட்டதுதான்.

கடைசியா மூணு பேரு என் பக்கம் வந்தாங்க. டிசைன் பண்ற பையன், “சரிண்ணே, வெள்ளிக்கிழம பிரிண்ட்டுக்குப் போவணும், சார் ஃபோட்டோ அனுப்புங்க”ன்னான். எல்லாரும் தேடுனோம். ஒருத்தன்கிட்டயும் இல்ல. டீம் ஃபோட்டோ அத்தனையும் சாரே எடுத்தது. ஒரே ஒரு படத்துல ஓரமா ஒரு தோளும், கழுத்துல தொங்குற விசிலும் தெரியுது.

வியாழக்கிழம ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கேன். சார் வீட்டுல கேட்டுப் பாக்கணும்.

டிஸ்கி: கோபி ரசிகர்கள் தாராளமா வந்து திட்டலாம். திட்டறதுக்கு முன்னாடி, உங்களுக்கு மொத மொதல்ல பந்தக் கையில குடுத்தவர் பேர ஒரு வரி எழுதிட்டுத் திட்டுங்க. அனானி ஆப்ஷன் மூடியிருக்கு.