கணக்கு உதைக்குது!

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி இருக்கிறான். வயது இருபத்தெட்டு. ஜாதகம் சுற்றில் இருக்கிறது. போன வாரம் டீ டயத்தில் என்னை ஓரங்கட்டிக் கேட்டான்.

"சார், உங்க வீட்ல மேடம் வேலைக்குப் போறாங்கல்ல... நான் வேலைக்குப் போற பொண்ணாப் பார்க்கலாமா, வீட்டோட இருக்கிற பொண்ணாப் பார்க்கலாமா? அம்மா கேக்கறாங்க."

(அம்மா கேட்கவில்லை. அவனேதான் கேட்கிறான். இதுகூடத் தெரியாமலா இருபது வருஷமாக ஃபைல் கட்டுகிறேன்!)

"ரெட்டைச் சம்பளம் வரும் தம்பி. ரெட்டை வேலையும் கூடவே வரும். சம்பளத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். வேலை மட்டும் ஒரே ஆள்கிட்டப் போய்ச் சேந்துடும்" என்றேன்.

திருதிருவென்று விழித்தான். அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்லி விடுகிறேன். 2016-ம் வருஷத்துக் கதை.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளி. கல்லணைக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடம். ஆறு இரண்டாகப் பிரிகிற ஊர் என்று பெருமையடித்துக் கொள்வோம். எங்கள் வீட்டில் என் மனைவி தினமும் காலை நாலரை மணிக்கு ஐந்தாகப் பிரிவாள். ஒரு பிரிவு அடுப்படியில் இருக்கும். ஒன்று மோட்டார் போடப் போயிருக்கும். ஒன்று, ஆறாவது படித்த பெரியவளுக்குப் பின்னல் போடும். ஒன்று, ஒண்ணாங்கிளாஸ் சின்னவனின் ஒற்றை சாக்ஸைத் தேடும். ஐந்தாவது, "மாமா, மாத்திரை போட்டாச்சா?" என்று திண்ணையைப் பார்த்துக் குரல் கொடுக்கும்.

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்ததாக நினைக்காதீர்கள். பேப்பர் படித்து நாட்டு நிலவரத்தைக் கவனித்துக் கொண்டிருப்பேன்.

ஏழு ஐம்பது பஸ்ஸில் அவள் கிளம்பிவிடுவாள். பக்கத்து டவுனில் ஒரு பேங்க்கில் கேஷ் கவுண்ட்டர். எந்த பேங்க் என்று கேட்காதீர்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறது, கெடுத்துக் கொள்ள விருப்பமில்லை. அம்மா தவறி நாலு வருஷமாகியிருந்தது. அப்பாவுக்கு ஏழு மா நிலம். மூன்று மா ஒரு ஏக்கர், கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

மேட்டூர் அணை திறக்க வேண்டிய தேதி ஜூன் 12. டெல்டாக்காரனுக்குக் கல்யாண நாள் மறந்தாலும் அது மறக்காது. 2012-லிருந்து அந்தத் தேதி வருஷா வருஷம் தள்ளிப் போய்க் கொண்டிருந்தது. 2016-ல் திறந்தது செப்டம்பர் 20. குறுவை போச்சு. "சம்பாவையாவது பார்த்துடணும்" என்று அப்பா நாற்று விட்டார். செலவுக்கு மருமகளின் ஆறு வளையல்கள் அடகுக்குப் போயின. அவர் கேட்கவில்லை. அவளே கழற்றிக் கொடுத்தாள்.

"கவுண்ட்டர்ல நோட்டு எண்றப்ப இடிக்குது மாமா" என்றாள்.

நான் நம்பினேன். நம்புவது எனக்கு எப்போதுமே சௌகரியமாக இருந்திருக்கிறது.

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. மறுநாள் நடவு. கூலி கொடுக்க அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருபத்திரண்டாயிரம் தயார். ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் பிரதமர் வந்தார். ஐந்நூறும் ஆயிரமும் நள்ளிரவிலிருந்து செல்லாது.

அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, எந்த ஐந்நூறு? நம்ம ஐந்நூறுமா?"

நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அந்த இரண்டு நோட்டுகள்தான் என்று பிற்பாடு படித்தேன். எங்கள் டிரங்குப் பெட்டியில் நூறு சதவிகிதம்.

என் மனைவி டி.வி.யைப் பார்க்கவில்லை. செல்போனைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் மறுநாளைக்கு அரிசி ஊற வைத்தாள். "நாளையிலேர்ந்து நான் எப்ப வருவேன்னு தெரியாது. மாவு அரைச்சு வெச்சுடறேன்" என்றாள். தேசமே ஏ.டி.எம்.மைத் தேடி ஓடியபோது கிரைண்டரைத் தேடிப் போனவள் அவளாகத்தான் இருப்பாள்.

10-ம் தேதி வங்கிகள் திறந்தன. சனி, ஞாயிறும் திறந்திருந்தன. அவள் கடைசி பஸ்ஸில் வருவாள். கை விரல் நுனிகள் கருத்திருக்கும். வாசலில் யாராவது காத்திருப்பார்கள். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு சித்தப்பா ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்து, "தங்கமான பொண்ணு" என்று என்னிடம் சொன்னார். கல்யாணத்துக்கே வராத மனுஷன்!

வீடு என் பொறுப்பில் வந்தது. முதல் நாள் ரசம் வைத்தேன். சின்னவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பா, இது குளிக்கறதுக்கா?" என்றான்.

14-ம் தேதி குழந்தைகள் தினம். ஸ்கூலில் மாறுவேடப் போட்டி. முதல் நாள் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் ஞாபகம் வந்தது. அவள் வழக்கமாக ஒரு மாசம் முன்பே நேரு கோட்டு தைக்கக் கொடுத்து விடுவாள். நான் பரணிலிருந்து மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியை எடுத்து, தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை போட்டு, முன்னால் 'பணம் இல்லை' என்று எழுதி மாட்டினேன். பையன் ஏ.டி.எம். ஆகிவிட்டான். எட்டு நேருக்களைத் தோற்கடித்து முதல் பரிசு! பிளாஸ்டிக் சோப்பு டப்பா. என் இல்லற வாழ்க்கையில் நான் தனியாகச் சாதித்தது அந்த சோப்பு டப்பா ஒன்றுதான்.

இதற்கு நடுவில் நடந்தது ஒன்று. 11-ம் தேதி, வெள்ளிக்கிழமை. கவுண்ட்டரில் தலை நிமிராமல் நோட்டு எண்ணிக் கொண்டிருந்தவள், "அடுத்து" என்றாள். ஒரு ஃபாரமும் ஆதார் ஜெராக்ஸும் எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களும் உள்ளே வந்தன. பழகிய விரல்கள். நிமிர்ந்து பார்த்தால், மாமா!

வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி வந்து மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். அவர் கணக்கு வைத்திருந்த இடத்தில் புது நோட்டு வந்தபாடில்லை. ஒரு ஆளுக்கு நாலாயிரம்தான் மாற்றலாம் என்று அப்போது சட்டம். அவள் மற்றவர்களுக்குச் செய்தது போலவே ஜெராக்ஸை சரிபார்த்து, இரண்டு ரோஸ் கலர் இரண்டாயிரம் ரூபாய்த் தாள்களைக் கொடுத்தாள். அவரும் வேற்று ஆள் மாதிரி எண்ணி வாங்கிக் கொண்டு போய்விட்டார்.

ராத்திரி கேட்டாள்: "என்கிட்ட குடுத்திருக்கலாமே மாமா?"

"உன் பேர் கெட்டுடக் கூடாதும்மா. கேஷியரு மாமனாருக்கு வரிசை கிடையாதான்னு ஒருத்தன் கேட்டுட்டா?"

அன்றைக்குக் கேஷ் டேலி ஆகும்போது இரண்டாயிரம் குறைந்தது. கூட்டத்தில் யாருக்கோ ஒரு தாள் கூடப் போயிருக்கிறது. கைக்காசு போட்டுக் கட்டிவிட்டு வந்திருந்தாள். அதை அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பாஸ் புத்தகத்தில் நானே பார்த்துக் கொண்டேன், ஆறு மாதம் கழித்து.

அந்த இரண்டாயிரம் ரூபாய்த் தாளை மாற்ற அப்பா கடைத்தெரு முழுக்க அலைந்தார். சில்லறை இல்லை. கடைசியில் நடவுப் பெண்களே வழி சொன்னார்கள்: "நாத்து முத்திப் போவுது பெரியவரே. நாங்க நட்டுட்டுப் போறோம், காசை அப்புறம் குடுங்க." அன்றாடக் கூலிக்காரர்கள் ஏழு மா நிலக்காரருக்குக் கடன் கொடுத்தார்கள்! காலையில் சோறாக்கி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி, சாயங்காலம் போய் மறுபடி அடுப்பு மூட்டுகிறவர்கள். அவர்களும் வேலைக்குப் போகிற அம்மாக்கள்தான். யாரும் அவர்களை அப்படிச் சொல்வதில்லை.

பயிர் நட்டாயிற்று. மழை வரவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைவு. டிசம்பர் 5-ம் தேதி முதல்வர் ஜெயலலிதா காலமானார். 12-ம் தேதி 'வர்தா' புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. எங்கள் பக்கம் ஒரு தூறல் இல்லை. பக்கத்துக் கொல்லை போரிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாங்கி இறைத்தார் அப்பா. அதுவும் நாலு தடவையோடு நின்றது. பொங்கலுக்கு முன்னால் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. சின்னவனின் கால் உள்ளே போகும்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிலைப்படியில் கரையான். மாட்டுக் கொட்டகைப் பரணில் பூச்சி மருந்து இருக்குமே என்று தேடினேன். பரண் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, மருந்து எங்கே?"

துணி மடித்துக் கொண்டிருந்தாள். "கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நவம்பர் கடைசியில."

"எதுக்கு?"

மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "தினம் பேப்பர் படிக்கறீங்கல்ல?"

படித்தேன்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஊர் ஊராகப் போட்டிருந்தார்கள். கருகின பயிரைப் பார்த்து வயலிலேயே விழுந்தவர், உயிரை விட்டவர். படித்து, "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருக்கிறேன். என் வீட்டுச் செய்தி திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மாமா எழுந்து வாசல்ல உட்காந்துடறார். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் நன்றாகத் தூங்குகிறவன்.

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வீட்டுக் கணக்கு நோட்டை அப்பாவிடம் கொண்டு போய், "கணக்கு உதைக்குது மாமா, கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். பால், மளிகை, ஸ்கூல் ஃபீஸ், பஸ் சார்ஜ் எல்லாம் அதில் இருக்கும். அப்பா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ஒரு மணி நேரம் கூட்டுவார். "பதினோரு ரூபா பால் கணக்குல ரெண்டு வாட்டி வந்திருக்கும்மா! நீயெல்லாம் பேங்க்ல என்னத்தை எண்றே?" என்று சிரிப்பார். அந்த நாட்களில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

லட்சக்கணக்கில் எண்ணி, பைசா பிசகாமல் டேலி பண்ணுகிறவள், வீட்டு நோட்டில் தினம் ஒரு தப்பைத் தேடிப் போட்டிருக்கிறாள். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு, தாகம் என்று சொல்லிக் கொண்டு தானும் எழுந்து வாசலுக்குப் போயிருக்கிறாள். நாலரைக்கு மறுபடி ஐந்தாகப் பிரிய வேண்டுமே, தூங்குவது எப்போது?

அன்றைக்கு ராத்திரியிலிருந்து நான் திண்ணையில் அப்பா பக்கத்தில் பாய் விரித்தேன். "உள்ளே புழுக்கமா இருக்குப்பா" என்றேன். தை மாசப் பனியில்!

2017 ஜனவரி 10-ம் தேதி மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அது வந்ததும் முதல் வேலையாக நடவுப் பெண்களின் பாக்கியை அப்பா தீர்த்தார். வளையல்கள் வீட்டுக்கு வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று.

எட்டு வருஷத்துக்கு அப்புறம், 2020-ல்தான் மேட்டூர் ஜூன் 12-ம் தேதி திறந்தது. குடமுருட்டியில் தண்ணீர் வந்ததும் நானும் அப்பாவும் முகக்கவசத்தோடு கரையில் போய் நின்றோம். அப்பா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"அந்தப் பொண்ணு வேணும்னேதான் தப்புத் தப்பா எழுதினா. எனக்கு முதல் வாரமே தெரியும்டா."

"அப்புறம் ஏன்ப்பா தினம் உக்காந்து கூட்டினீங்க?"

"நான் கண்டுபிடிக்கலேன்னா அவ தூங்க மாட்டாளே."

மேட்டூர் மே 24-ம் தேதியே திறந்த 2022-ல், அந்தத் தண்ணீரையும் பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் வெயிலில் நின்று வாங்கிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டைக்கூட 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. கணக்கு நோட்டு மட்டும் வீட்டில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அவள் நீலத்தில் போட்ட தப்பு, அவர் சிவப்பில் போட்ட திருத்தம்.

ஆகவே, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தம்பிமார்களே! பெண் வேலைக்குப் போகிறாளா என்று அப்புறம் விசாரிக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். அது தெரிந்தவன் யாரைக் கட்டினாலும் பிழைத்துக் கொள்வான்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி அவள் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தாள். "நாப்பத்திரண்டு ரூபா உதைக்குது" என்றாள். என்னை ஒரு மாதிரியாக, ரொம்ப அன்பாகப் பார்த்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நிஜமாகவே தப்பு.