நகராத சைக்கிள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும், விடியலுக்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி மாமல்லபுரம் வரையில் போய்த் திரும்பும் சென்னைச் சைக்கிள் அன்பர்களில் பலர், குழி எது தரை எது என்று தெரியாத வெள்ளத்தில் எலும்பைப் பணயம் வைக்க மனமின்றி, வீட்டுக்குள்ளேயே சைக்கிளை நிறுத்தி மிதிக்க உதவும் டிரெயினரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சென்ற வாரம் என் நண்பர் ஒருவருடைய மகன், மூன்று யந்திரங்களின் விவரங்களையும் விலைகளையும் குறித்த காகிதத்தோடு வந்து, "இதுல எது வாங்கலாம், மாமா?" என்று கேட்டான். "அது இருக்கட்டும். எந்த அறையில வைக்கப்போறே? அங்கே காத்து வருமா?" என்றேன். அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

சாலையில் போகிறவனுக்குக் காற்று ஒரே சமயத்தில் சத்துருவாகவும் செவிலியாகவும் இருக்கிறது. மார்பில் மோதி வேகத்தைத் தடுப்பதும் அதுதான். மேனியில் அரும்பும் வியர்வையை உலர்த்தி உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போவதும் அதுதான். அந்தச் சத்துருவை நான்கு சுவர்களுக்குள் கொண்டுவருவதற்கு யந்திர நிபுணர்கள் எடுத்துக்கொண்ட பிரயாசை அபாரமானது; செவிலியை வரவழைக்கும் பொறுப்போ வாங்குகிறவனிடமே விடப்பட்டிருக்கிறது.

மூன்று உருளைகளின் மேல் சைக்கிளை எவ்விதப் பிணைப்புமின்றி வைத்து ஓட்டும் ரோலர் பழைய முறை. உடம்பின் சமநிலையைக் கற்பிப்பதில் அதற்கு நிகரில்லை. அதற்கு அடுத்தபடியாக, பின்சக்கரத்தின் அச்சை ஒரு தாங்கியில் இறுக்கி, டயரோடு ஓர் உருளை அழுந்திச் சுழலும்படி அமைத்த வகையில், எதிர்ப்பை உண்டாக்கும் உபாயம் மூன்று விதமாக இருக்கிறது. விசிறியை வைத்தால், வேகம் இரட்டிக்கும்போது அதைச் சுழற்ற வேண்டிய சக்தி எட்டு மடங்காகிச் சாலையின் காற்றையே நினைவூட்டும். ஆனால் இரைச்சல் தாங்காது. காந்தத்தை வைத்தால் ஓசை குறையும், ஆனால் வேகத்துக்குத் தகுந்தபடி எதிர்ப்பு அவ்வளவு செங்குத்தாக ஏறாது. சிலிக்கோன் எண்ணெயைக் கலக்கும் சக்கரம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மிதமான செலவில் வாங்க நினைப்பவருக்கு நான் அதையே சொல்வேன்.

பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, யந்திரத்தின் பல்சக்கரங்களில் செயினை நேராக மாட்டும் வகை இப்போது பிரபலமாகியிருக்கிறது. விலை அதிகம், ஆயினும் டயர் தேய்வதில்லை, வழுக்குவதில்லை, நாம் செலுத்தும் சக்தி எத்தனை வாட் என்பதும் மிகக் குறைந்த பிழையோடு தெரிகிறது. அதைக் காட்டிலும் நான் மதிப்பது அதன் கனத்த சுழல்சக்கரத்தைத்தான். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும் கணங்களில் காலின் விசை வலுவிழக்கும்போது, சேமித்து வைத்த சுழற்சியைக் கொடுத்து அந்த இடைவெளியை அது நிரப்பிவிடுவதால், முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டி இழுக்காமல், சமவெளிச் சாலையில் போவதுபோலவே ஓட முடிகிறது.

நான் இந்த வகைக்கு மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டயரில் உருளை உராயும் யந்திரத்தை வைத்திருந்த காலத்தில், கீழ் வீட்டு மாமி ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "காலங்கார்த்தால மாடியில என்னப்பா கிரைண்டர் ஓடறது?" என்று கேட்டார். இரவெல்லாம் தூங்காத நோயாளி ஒருவர் அந்த வீட்டில் இருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். மறுநாளே தடித்த ரப்பர் விரிப்பு வாங்கினேன், நேரத்தையும் மாற்றிக்கொண்டேன், பிறகு யந்திரத்தையே மாற்றினேன். தரை வழியாக இறங்கும் அதிர்வு, காதில் விழும் ஓசையைவிடப் பொல்லாதது.

நகராத சைக்கிளில் பெறும் பலன் சாலையில் உதவுமா என்ற சந்தேகம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஆஸ்திரேலிய வீரர் மாத்யூ ஹேமன், 2016 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பு முறிந்தவர், சாலைக்குப் போக வழியின்றித் தம் கார் கொட்டகையில் டிரெயினரின் மீதே நாள்தோறும் அப்பியாசம் செய்து, ஏறக்குறைய ஆறு வாரத்தில், கருங்கல் பாவிய பாதைகளுக்குப் பேர்போன பாரிஸ்-ரூபே பந்தயத்துக்குத் திரும்பி, நான்கு முறை அதை வென்றிருந்த டாம் போனனையே முந்தி முதலில் வந்தார். அப்போது அவருக்கு வயது 37. இந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் அது ஐரோப்பாவின் குளிர்கால இறுதி. நம் ஊரின் கதை வேறு. மனித உடம்பு செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மிச்சமெல்லாம் உஷ்ணம். 150 வாட் கொடுத்து மிதிக்கிறவன், 100 வாட் குண்டு பல்புகள் நாலைந்தைத் தன் உடம்புக்குள்ளேயே ஏற்றி வைத்துக்கொண்டதற்கு ஒப்பாவான். கார்த்திகை மாதத்துச் சென்னையிலோ காற்றில் முன்னமே ஈரம் நிறைந்திருப்பதால், வியர்வை உலராமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை.

அது விழுகிற இடத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டு மழைக்காலம் அஜாக்கிரதையாக ஓட்டிய பிறகு, ஹேண்டில்பாரை இறுக்கும் போல்ட் ஒன்றைக் கழற்ற முடியாமல் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். நாடாவை அவர் உரித்தபோது, அலுமினியத்தின் மேல் வெண்ணிறமாகப் பூத்திருந்த உப்பு அவர் விரலில் மாவுபோல் ஒட்டியது. போல்டின் தலை துருவேறி மழுங்கியிருந்தது. "சார், இது மழையில போன வண்டி இல்ல, வேர்வையில ஊறின வண்டி" என்றார். அன்றிலிருந்து துண்டை விரிக்காமல் நான் ஏறியதில்லை, இறங்கியதும் ஈரத்துணியால் துடைக்காமல் போனதுமில்லை.

அச்சைத் தாங்கியில் பிணைப்பவர்கள் டிரெயினரோடு தரும் எஃகு அச்சுக்கம்பியையே போடவேண்டும், டயரில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பவற்றையும் பையனிடம் சொன்னேன். குறித்த வாட்டை யந்திரமே விடாமல் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டைப் பற்றியும் எச்சரித்தேன்: கால் தளர்ந்து சுற்று குறையக் குறைய அது எதிர்ப்பை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போகும், ஆகையால் புதிதாக ஓட்டுகிறவர் அதை நாடவேண்டாம்.

பிறகு என் சைக்கிளிலேயே அவனை ஏற்றி, மார்புக்கு நேராக நிற்கும் பெரிய மின்விசிறியைப் போட்டேன். பத்து நிமிஷம் சுகமாக மிதித்தான். நாடித்துடிப்பு 138-ல் நின்றது. அப்போது விசிறியை நிறுத்தினேன். வாட் மாறவில்லை, ஆனால் ஏழாவது நிமிஷத்தில் துடிப்பு 150-ஐத் தாண்டிவிட்டது. மோவாயிலிருந்து வியர்வை துண்டின் மேல் விடாமல் சொட்டியது. "ஃபேனைப் போடுங்க, மாமா" என்றான்.

இறங்கி, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் தன் அறையை வரைந்து, ஜன்னல் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டத் தொடங்கினான்.