உலக வணிகமும் உழைப்போர் வாழ்வும்

கடல் கடந்து பொருள் விற்பதும் வாங்குவதும் மாந்தர்க்குப் புதியன அல்ல. ஆயின், ஓர் ஆடைக்குரிய பஞ்சு ஒரு நாட்டில் விளைய, மற்றொரு நாட்டில் அது தைக்கப்பட்டு, வேறொரு நாட்டில் விற்கப்படும் விரிவு நம் காலத்துக்கே உரியது. இதனை உலகமயமாதல் என்பர். இதன் நன்மை தீமைகளை ஒருங்கே காண விழைவோர் வங்கதேசத்தை நோக்குதல் வேண்டும்.

1970-களின் இறுதியில் அந்நாட்டில் ஏற்றுமதிக்கென ஆடை தைக்கும் தொழில் வேரூன்றியது. பின்னர் அதுவே நாட்டின் தலையாய ஏற்றுமதித் தொழிலாயிற்று. சிற்றூர்ப் பெண்கள் இலட்சக்கணக்கில் டாக்காவைச் சூழ்ந்த ஆலைகளை நாடினர். தம் கையால் ஈட்டிய ஊதியம் அவர்களுக்கு வீட்டில் மதிப்பைத் தந்தது. தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ளும் துணிவையும் பலர்க்கு அளித்தது.

ஆயினும், பயன் எல்லார்க்கும் ஒப்பப் பகிரப்படவில்லை. விலை குறைய வேண்டும் என்பர் வாங்குவோர்; குறித்த நாளில் சரக்கு வேண்டும் என்பர் வணிகர். அந்நெருக்கடி முழுவதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்த ஏழைப் பெண்ணின் தோள்மீதே விழுந்தது.

2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல்கள் காணப்பட்டன. அங்கிருந்த வங்கியும் கடைகளும் உடனே மூடப்பட்டன. மேல்மாடிகளில் இயங்கிய ஆடை ஆலைகளோ மறுநாளும் தொழிலாளரை வேலைக்கு அழைத்தன. அன்று காலை கட்டடம் சரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூரை ஒன்றே, அதன்கீழ் உயிர்க்கு வைத்த மதிப்பு வேறு வேறாயிற்று. ஏற்றத்தாழ்வுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின், இத்தொழிலையே ஒழித்தல் தகுமோ? தகாது. ஆலைகள் மூடப்படின், அப்பெண்கள் ஊதியத்தோடு அதனால் பெற்ற மதிப்பையும் இழப்பர். பயன் கொள்வோர் பொறுப்பையும் ஏற்பதே உரிய வழியாகும். அவ்வாண்டிலேயே பன்னாட்டு ஆடை நிறுவனங்கள் பல, தொழிற்சங்கங்களோடு சட்டப் பிணிப்புடைய உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. ஆலைகள் ஆராயப்பட்டன, கட்டடக் குறைகள் பல களையப்பட்டன. 3,000 டாகாவாக இருந்த குறைந்தபட்ச மாத ஊதியமும் 5,300 டாகாவாக உயர்த்தப்பட்டது. இதனால் ஏற்றுமதி அழிந்துவிடவில்லை. காப்பும் கூலியும் கூடினால் தொழில் குன்றும் என்போர் கூற்று எவ்வளவு வலுவற்றது என்பது இதனால் விளங்கும்.

நூற்றுக்கணக்கானோர் மாண்ட பின்னரே பிறந்த அறிவு காலம் தாழ்ந்த அறிவாகும். விலை மலிந்த ஆடையை விரும்பும் கண், அதனைத் தைத்த கையையும் முன்னரே நோக்குமாயின், வணிகம் அறத்தொடு வளரும்.