ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றுவிட்டதா? பதறவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம்!

லட்சக்கணக்கில் செலவு. வயிற்றில் நாலைந்து ஓட்டை. பல நாள் வெறும் கஞ்சித் தண்ணி. எல்லாம் பொறுத்துக்கொண்டால் எடை சரசரவென்று இறங்குகிறது. பேண்ட் லூசாகிறது, பழைய சட்டை பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. தெருவே பார்த்து மூக்கில் விரல் வைக்கிறது.

அப்புறம் ஒருநாள் தராசு முள் நின்றுவிடுகிறது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம்... அசைய மாட்டேன் என்கிறது!

உடனே வீட்டில் பாட்டு ஆரம்பம். "இதுக்குத்தானா நகையை அடகு வெச்சோம்?" கம்பெனியில் கேலி. "என்னண்ணே, ஆபரேஷன் வாரண்டி முடிஞ்சு போச்சா?" பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பவுடர் டப்பாவோடு வருகிறார். ஆபரேஷன் செய்துகொண்டவர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறார். அடுத்து, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையையும் நிறுத்துகிறார். "எடைதான் குறையலையே, மாத்திரை மட்டும் எதுக்கு?"

ஆபத்து தொடங்குவது இங்கேதான். முள் நின்றதால் யாருக்கும் உயிர் போவதில்லை. நின்ற கோபத்தில் செய்கிற காரியங்கள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பெங்களூர்தான். அத்திப்பள்ளி தாண்டினால் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று ரோட்டோரமே பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். குடலைச் சுருக்கும் ஆபரேஷன் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். உண்மையில் சுருக்குவது இரைப்பையை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி தைக்கிறார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சாப்பாடு சிறுகுடலின் ஒரு பகுதியைத் தொடாமல் போகும்படி வழி மாற்றுகிறார்கள்.

இது பணக்கார வியாதி, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. ஆண்களில் 37 பேர். மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊரில் கேட்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க மெஷின், பகலில் அரைத் தூக்கம், நடுவில் டீயும் வர்க்கியும்!

கணக்கில் வரும் குழப்பம்

ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் தப்புக் கணக்கு. சிப்காட்டில் வேலை செய்யும் ஒருவரை வைத்துக்கொள்வோம். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 120 கிலோ. "கூடுதல் எடையில் 60 சதவீதம் குறையும்" என்று அவரிடம் சொல்கிறார்கள். அவர் காதில் விழுவது "60 சதவீதம் குறையும்" என்பது மட்டும். 120-ல் 60 சதவீதம் போனால் 48 கிலோ என்று மனசுக்குள் போட்டுப் பார்த்து மலைத்துப் போகிறார்.

டாக்டர் கணக்கே வேறு. அந்த உயரத்துக்கு 68 கிலோ வரை இருக்கலாம் என்று வைத்து, அதற்கு மேலே உள்ள 52 கிலோவைத்தான் 'கூடுதல்' என்கிறார். அதில் 60 சதவீதம் என்றால் 31 கிலோ. ஆக, அவர் வந்து நிற்கப் போவது 89 கிலோவில். ஆஸ்பத்திரிக் கணக்குப்படி அவர் பாஸ்! அவர் கணக்குப்படி பெயில்! இந்த வித்தியாசத்தை ஆபரேஷனுக்கு முன்பே கிலோவில் சொல்லிவிட்டால் என்ன? "நீங்கள் ஏறக்குறைய 90-ல் நிற்பீர்கள்" என்று ஒரு வரி. விளம்பரப் பலகையில் பாதி உடம்பைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி சொல்ல வாய் வராதா?

முள் ஏன் நிற்கிறது?

முதல் நிறுத்தம் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தை ஒட்டி வரும். ஆரம்பத்தில் படபடவென்று குறைந்ததில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு அவசரத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது கரைகிறது, தண்ணீரும் போகிறது. பிறகு உடம்பு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பிடிக்கிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும், முள் மட்டும் நிற்கும். ஓரிரு வாரத்தில் தானாக நகரும். இதற்குப் போய் அழுகிறவர்கள் உண்டு.

அடுத்து ஆறு மாத வாக்கில் வருவதும், ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் வருவதும் வேறு கதை. இதற்கு லாரியைப் பார்த்தால் போதும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு முழு லோடோடு போகிற லாரி குடிக்கும் டீசலைக் காலி லாரி குடிக்காது. 120 கிலோவைச் சுமந்து மாடிப்படி ஏறியவர் 90 கிலோவோடு ஏறினால் செலவு குறைவுதான். அதோடு நின்றால் பரவாயில்லை. டேங்க் காலியாகிறது என்று பயந்த டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதுபோல, உடம்பும் எரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது!

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45-ல் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். எடை கால் பங்கு குறைந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவோ ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. டி.வி. போட்டியில் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. இருக்க வேண்டிய அளவைவிடத் தினம் 500 கலோரி குறைவாகத்தான் அவர்கள் உடம்பு எரித்தது. ஆக, முள் நின்றால் "வாயைக் கட்டலை" என்று திட்டும் வீட்டுக்காரர்கள் கவனிக்கட்டும். வாயைக் கட்டினவருக்கும் முள் நிற்கும்.

அப்போ ஆபரேஷன் வீண்தானா? இல்லவே இல்லை. சுவீடனில் 1987-ல் தொடங்கி வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அங்கேயும் ஒன்று இரண்டு வருஷத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டது. பிறகு கொஞ்சம் ஏறி நின்றது. பத்தாவது வருஷத்தில் பைபாஸ் செய்தவர்கள் பழைய எடையில் கால் பங்கு குறைந்தே இருந்தார்கள். ஆபரேஷன் செய்யாத குண்டானவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் சாவும் குறைவு என்று 2007-ல் அந்த ஆய்வு காட்டியது. ஆக, எல்லாருக்கும் ஒருநாள் முள் நிற்கத்தான் செய்யும். எங்கே நிற்கிறது, நின்ற இடத்தில் சர்க்கரையும் பிரஷரும் எப்படி என்பதுதான் கேள்வி. இன்சுலின் ஊசி நின்றிருந்தால், குறட்டை நின்று நிம்மதியாகத் தூங்கினால், பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தால், அந்த 90 கிலோவுக்குக் கும்பிடு போடலாம்.

களியை முழுங்கினால்?

இனி வாய் சமாசாரம். இந்தப் பக்கத்துச் சாப்பாடு களி. கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆனால் களியை யார் மென்று சாப்பிடுகிறார்கள்? உருட்டி, குழம்பில் தோய்த்து, ஒரே முழுங்கு! மென்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆபரேஷன் செய்த வயிற்றில் இது நடக்காது. குழாயாகிப்போன இரைப்பையில் உருண்டை போய் அடைத்துக்கொண்டால் நெஞ்சு வலிக்கும், வாந்தி வரும். சரி, கரைத்துக் கூழாகக் குடிக்கலாம் என்றால் அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறும் நிறையாது. களி வேண்டுமானால் ஒரு நெல்லிக்காய் அளவு, கடைசியில். முதலில் முட்டை, மீன், பருப்பு, கொள்ளு, மொச்சைச் சுண்டல். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான் என்றால் கணக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரியும். புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையும். சதை கரைந்தால் எரிப்பு இன்னும் குறையும். பட்டினி கிடந்து முள்ளை நகர்த்தப் பார்ப்பவர்கள் தாங்களே பிரேக்கைப் போடுகிறார்கள்.

முள்ளைப் பிடித்து நிறுத்தும் திருட்டுச் சாப்பாடுகள் சில உண்டு. ஷிப்டுக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையில் மட்டும் 200 கலோரி. மிக்சர், முறுக்கு, வர்க்கி, பிஸ்கட் எல்லாம் வாயிலேயே கரைந்து இறங்கும், சின்ன வயிறு அதைக் கண்டுகொள்ளாது. கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்தால் ஜூஸ் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு துண்டு மாம்பழத்தை மென்று சாப்பிடுவதில் தப்பில்லை, டம்ளர் டம்ளராகக் குடிப்பதுதான் வினை. சாராய விஷயம் இன்னும் மோசம். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலே சட்டென்று தலைக்கு ஏறும். பழக்கம் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் அதிகம்.

கம்பெனிகளும் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். இவர்கள் மெதுவாக மென்று அரை மணி சாப்பிட வேண்டியவர்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி கழித்துத்தான். வரிசையில் நின்று தட்டு வாங்கவே பாதி நேரம் போனால், மிச்ச நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். கேன்டீனில் போண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு சுண்டலும் அவித்த முட்டையும் வைத்தால் கம்பெனி முழுகிவிடாது. நைட் ஷிப்டை வாராவாரம் மாற்றாமல் இருந்தாலே தூக்கம் கொஞ்சம் சீராகும். தூக்கம் கெட்டவனுக்குப் பசி அதிகம் என்பது ஷிப்டுக்குப் போகிற யாருக்கும் தெரிந்த விஷயம்.

தராசை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் ஏறி நின்றால் உப்பும் மலச்சிக்கலும் மாதவிலக்கும் ஒரு கிலோ முன்னே பின்னே காட்டி மனசைக் கெடுக்கும். இடுப்புக்கு ஒரு டேப் போதும். நடையோடு சேர்த்துக் கொஞ்சம் பளு தூக்குவது சதையைக் காக்கும். ரைஸ்மில் மூட்டையை அல்ல, டாக்டர் சொல்லும் அளவு!

யார் உஷாராக வேண்டும்?

நிற்பது வேறு, திரும்ப ஏறுவது வேறு. குறைந்த எடை மாதாமாதம் ஏறினாலோ, ஆபரேஷன் முடிந்து சில மாதத்திலேயே நின்று இரண்டு மூன்று மாதம் அசையாவிட்டாலோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு இருக்கலாம், ஸ்டீராய்டு மாத்திரை காரணமாக இருக்கலாம், இரைப்பை விரிந்திருக்கலாம். 2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி போன்ற ஊசிகளை இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் யோசிப்பது உண்டு. மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது பைத்தியக்காரத்தனம். ஓயாத வாந்தி என்றால் ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பையும் மூளையையும் தாக்கும். "இன்னொரு ஆபரேஷன் செய்துவிட்டால்?" என்று கேட்பவர்கள், 2024-ல் சென்னையில் இந்த ஆபரேஷனின்போது ஓர் இளைஞர் இறந்து, விவகாரம் அரசு விசாரணை வரை போனதை மறக்க வேண்டாம். முதல் ஆபரேஷனைவிட இரண்டாவதில் ஆபத்து அதிகம்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் மாத்திரைகள் ஆயுசுக்கும். மூன்று மாதத்துக்கு மேல் முடி கொட்டினால் மாத்திரையைக் குறை சொல்லி நிறுத்துகிறார்கள். முடி கொட்டுவது வேகமாக எடை குறைந்ததால். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். பி12 போனால் கால் மரத்துப் போகும், அது அப்படி எளிதில் திரும்பாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் 2019-ல் ஒரு நல்லது நடந்தது. உடல் எடைக் குறியீடு 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான மூச்சுத்தடைத் தூக்கக் கோளாறு போன்றவை இருந்தால், உடல் பருமன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இந்த ஆபரேஷனை ஒதுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஆணையம் விதி செய்தது. வெட்டுவதற்குப் பணம் கிடைக்க வழி வந்தது. வெட்டிய பிறகு வருஷக்கணக்கில் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு? கைக்காசுதான்! அதற்காக அத்திப்பள்ளி தாண்டிப் போக ஒருநாள் லீவு, ஒருநாள் சம்பளம், பஸ் செலவு. இரண்டு தடவை போவார், மூன்றாவது தடவை போக மாட்டார். அங்கே கொடுக்கும் இங்கிலீஷ் சாப்பாட்டுச் சீட்டில் ஓட்ஸ் இருக்கும், களி இருக்காது.

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. 2022-ல் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. வீட்டுக்கு வரும் நர்ஸம்மா நோட்டில் "வயிற்று ஆபரேஷன் செய்தவரா?" என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். மருத்துவக் கல்லூரியில் மாதம் ஒருநாள், இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு ஓ.பி. சீட்டு. எடை, பி12, ஹீமோகுளோபின் பார்த்து, களியை எப்படிச் சாப்பிடுவது என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லும் ஒரு டயட்டீஷியன். ஆபரேஷன் செய்த பெங்களூர் ஆஸ்பத்திரிகள் என்ன முறையில் செய்தோம், எவ்வளவு வெட்டினோம் என்று ஒரு பக்கம் தெளிவாக எழுதிக் கொடுத்தால் மிச்சத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.