படிப்படியாக வரும் ஒலிப்பு

ரகரமும் ழகரமும் நுனிநா மேல்நோக்கி உயர்ந்து அண்ணத்தை வருடுவதால் பிறக்கும் ஒலிகள் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. இத்தகைய நுட்பமான நாவசைவை வேண்டுவதால், இவை குழந்தைகளின் பேச்சில் பிந்தியே நிலைபெறுகின்றன. ஆகவே, ‘வாழைப்பழம்’ என்பதைப் பிழையின்றிச் சொல்லும்வரை குழந்தையை அதட்டித் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அது பிழையான அசைவையே பழக்கமாக்குவதோடு, பேசும் துணிவையும் குலைத்துவிடக் கூடும். பேச்சுச் சிகிச்சைத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்க அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர் 1939ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வழியே பரவிய முறை, சரியான ஒலியையும் திரிந்த ஒலியையும் காதால் பிரித்தறியச் செய்யும் செவிப்பயிற்சியில் தொடங்கி, தனி ஒலி, அசை, சொல், தொடர், இயல்பான உரையாடல் என்று படிப்படியாக முன்னேறுகிறது. இப்பயிற்சிக்கு முன்பே குழந்தையின் கேட்கும் திறன் சோதிக்கப்பட வேண்டும். மேலும், ழகரத்தை ளகரமாகவோ யகரமாகவோ ஒலிப்பது சில வட்டாரங்களின் இயல்பான பேச்சு வழக்காகவே இருப்பதால், அதனைக் குறைபாடு என்று முத்திரையிடாமல், குழந்தையின் வீட்டுப் பேச்சை அறிந்த பின்னரே சிகிச்சையின் தேவையைத் தீர்மானிப்பதுதான் அறிவியலுக்கும் அறத்துக்கும் உகந்த வழியாகும்.